ஒரு பல் பிசகு

சென்ற மாதம் ஒரு வாசகர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். என்னுடைய பழைய நாவல் ஒன்றை இப்போதுதான் படித்தாராம். அதில் வருகிற கதாநாயகன் இளமையில் ஒருவனுக்குத் தீங்கு செய்துவிடுகிறான். பிறகு மனம் வருந்தி, அவனுக்குத் தெரியாமலே அவன் குடும்பத்துக்குப் பண உதவி செய்து, அவன் மகளுக்குக் கல்யாணமும் நடத்தி வைக்கிறான். ஆனால் 'உனக்குக் கெடுதல் செய்தவன் நான்தான்' என்று கடைசி வரையில் சொல்லுவதில்லை. "இதைப் பிராயச்சித்தம் என்று நீங்கள் எப்படி ஒப்புக்கொண்டீர்கள்?" என்று வாசகர் கேட்டிருந்தார். "சொல்லாமல் திருத்தினால் போதுமா?"

நல்ல கேள்வி. அந்த நாவலை எழுதிய வயதில் கேட்டிருந்தால், "செயல்தானே முக்கியம், சொல் எதற்கு?" என்று அலட்சியமாகப் பதில் எழுதிப் போட்டிருப்பேன். இன்று அப்படி எழுத முடியவில்லை. என் அபிப்பிராயத்தை மாற்றியது எந்த மகானின் உபதேசமும் அல்ல. ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் இயந்திரம்தான் மாற்றியது. சிரிக்காதீர்கள். விஷயத்தைக் கேட்ட பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

1980-களின் பிற்பகுதியில் நான் சில ஆண்டுகள் காரிமங்கலத்தில் குடியிருந்தேன். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே, நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிற ஊர் அது. இன்று 44 என்று எண்ணிட்டிருக்கும் சாலைக்கு அப்போது எண் 7. கிருஷ்ணகிரியும் அந்நாளில் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004-ல். குன்றின்மேல் ஒரு கோயில், கீழே வாரச்சந்தை, சந்தை நாளில் தேங்காய்க் குவியல்களும் ஆடு மாடுகளும் சுற்று வட்டாரத்து ஜனங்களும். மற்ற நாட்களில் லாரிகளின் இரைச்சலைத் தவிர வேறு ஆரவாரம் இல்லாத ஊர்.

என்னிடம் அப்போது ஒரு புல்லட் இருந்தது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற என் மாமா ஓட்டி, அவருக்கு வயதான பிறகு எனக்குக் கொடுத்த வண்டி. இந்த வண்டிக்கு ஒரு வமிசாவளி உண்டு. அதன் பூர்விகம் இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊர். அங்கே ராயல் என்ஃபீல்டு கம்பெனியார் 1932-லேயே புல்லட் என்ற பெயரை வைத்துவிட்டார்கள். 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா ஏற்பட்டது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் பாகங்களையே செய்யத் தொடங்கினார்கள். 1962-ல் ரெட்டிச்சில் புல்லட் செய்வதை நிறுத்திவிட்டார்கள். பிற்பாடு கம்பெனியையே மூடிவிட்டார்கள். ஆனால் திருவொற்றியூரில் அதே வார்ப்பு, அதே அளவு, அதே இயந்திரம் நின்று போகாமல் தொடர்ந்தது. 1977-ல் சென்னைப் புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். குரு வித்தையை மறந்துவிட்டார்; சிஷ்யன் மறக்கவில்லை என்று சொல்லலாம். குருவும் சிஷ்யனும் இந்தக் கதையில் மறுபடியும் வருவார்கள்.

இனி, இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வண்டி ஓட்டாதவர்களும் தயவு செய்து இந்த இரண்டு பாராக்களைத் தாண்டிப் போய்விட வேண்டாம். விஷயத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

உருளைக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. ஒரு தடவை கீழே இறங்கும்போது பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளே இழுக்கிறது. மேலே ஏறும்போது அதை அமுக்குகிறது. பொறி தட்டியதும் கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மறுபடி மேலே வரும்போது புகையை வெளியே தள்ளுகிறது. கலவை வருவதற்கு ஒரு கதவு, புகை போவதற்கு ஒரு கதவு. இவற்றுக்கு வால்வு என்று பெயர். இந்தக் கதவுகளை உரிய நேரத்தில் திறந்து மூடுகிற வேலையைக் கேம் செய்கிறது. ஒரு பக்கம் புடைத்த சிறு உலோகத் துண்டு அது. அது சுழன்று, புடைப்பு வரும்போது ஒரு நீண்ட தண்டைத் தூக்குகிறது. தண்டு போய் வால்வைத் திறக்கிறது. பிஸ்டனோடு இணைந்த கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அதற்காகக் கிராங்கின் முனையில் ஒரு சின்னப் பல்சக்கரம். அதைப் போல் இரண்டு மடங்கு பற்களுடன் கேமுக்குப் பெரிய பல்சக்கரம். எந்தப் பல் எந்தப் பள்ளத்தில் விழ வேண்டும் என்பதற்குத் தொழிற்சாலையிலேயே அடையாளம் குத்தி வைத்திருக்கிறார்கள். அடையாளமும் அடையாளமும் எதிரெதிரே பொருந்தினால் டைமிங் சரி.

ஒரு பல் தள்ளி விழுந்துவிட்டால் என்ன ஆகும்? கேமின் சக்கரத்தில் 40 பற்கள் இருப்பதாகப் பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு பல் என்பது கேமுக்கு 9 டிகிரி. கிராங்கின் கணக்கில் 18 டிகிரி. கதவு அவ்வளவு முந்தியோ பிந்தியோ திறக்கும். அதனால் வண்டி நின்றுவிடாது. நின்றுவிட்டால் நல்லதாயிற்றே! உடனே பிரித்துப் பார்த்துவிடுவோம். வண்டி ஓடும். ஆனால் சரியாக ஓடாது. உள்ளிழுக்கும் கதவு பிந்தி மூடினால், மேலே ஏறும் பிஸ்டன் வந்த கலவையையே திருப்பித் தள்ளும், கார்புரேட்டர் தும்மும், மெதுவாகப் போகும்போது இழுவை இருக்காது. இதற்கு வேறு நூறு காரணங்களும் இருக்கலாம். பிளக் கெட்டிருக்கலாம், கார்புரேட்டரில் தூசி அடைத்திருக்கலாம், பொறி தட்டும் பாயின்ட்டின் இடைவெளி தவறியிருக்கலாம். அவை எல்லாம் வெளியே, கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கின்றன. கேம் மட்டும் மூடிக்குள்ளே, எண்ணெயில் நனைந்தபடி, யாரும் பார்க்காத இடத்தில் இருக்கிறது. மனிதர்களிலும் இப்படித்தான் அல்லவா?

காரிமங்கலத்தில் சாலையோரமாக ஒரு பட்டறை இருந்தது. அதன் சொந்தக்காரருக்கு அப்போது ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போதே, சத்தம் கேட்காமலே, நோய் சொல்லக்கூடியவர் என்று அந்தப் பக்கத்தில் பெயர். அவரிடம் ஒரு பையன் தொழில் பழகினான். பதினேழு வயது. தகப்பன் இல்லை. தாயார் சந்தையில் தேங்காய் உரித்துக் கூலி வாங்குகிறவள். பையன் அதிகம் பேசமாட்டான். ஆனால் கண் ஓயாது.

புகை கக்குகிறது என்று என் வண்டியை அங்கே விட்டேன். இயந்திரத்தை இறக்கி, புதிய பிஸ்டன் ரிங் போட்டு, தேய்ந்த பாகங்களை மாற்றி, ஒரு வாரத்தில் பூட்டிக் கொடுத்தார். புகை நின்றது. ஆனால் வண்டியில் பழைய உயிர் இல்லை. கார்புரேட்டர் தும்மிற்று. தொப்பூர்க் கணவாயில் ஏறும்போது, மாமா மூன்றாவது கியரில் பாடிக்கொண்டே ஏறிய மேட்டில், நான் முதல் கியருக்கு இறங்கி வியர்த்துக்கொண்டு ஏறினேன்.

திரும்பவும் பட்டறைக்குப் போனேன். பிளக்கை மாற்றினார்; கொஞ்சம் தேவலாம் போல் இருந்தது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்; இன்னும் கொஞ்சம் தேவலாம் போல் இருந்தது. பிறகு பொறி தட்டும் நேரத்தைச் சற்று முந்தி வைத்தார். இழுவை கூடிய மாதிரி இருந்தது. அடுத்த வாரம் இன்னும் சற்று முந்தி வைக்கச் சொல்லிப் பையனிடம் ஸ்குரூ டிரைவரைக் கொடுத்தார். அவர் சொன்னபடி அவன் வைத்தான். மறுநாள் காலையில் வண்டியை உதைத்தபோது கிக்கர் எதிர்த்து அடித்தது. என் கணுக்கால் வீங்கிப் பத்து நாள் படுத்துவிட்டேன்.

இதிலே ஒரு நுட்பம் இருக்கிறது. கிக்கர் எதிர்த்து அடித்ததற்குக் காரணம், பொறி அளவுக்கு மீறி முந்தித் தட்டியதுதான். பொறியை ஏன் முந்தச் செய்தார்கள்? இழுவை போதாததால். இழுவை ஏன் போதவில்லை? அந்தக் கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. ஒரு தவற்றுக்கு ஏற்றபடி சரியாக இருந்த மற்றொன்றைத் திருப்பி வைத்ததில் புதிதாக ஒரு தவறு பிறந்தது. அந்தப் புதிய தவற்றுக்குத் தகப்பன் யார் என்று மட்டும் தேடினோம்.

தேட வேண்டியிருக்கவில்லை. கடைசியாகப் பாயின்ட்டில் கை வைத்தது பையன்தான். காலில் கட்டோடு பட்டறைக்குப் போய் நான்தான் சொன்னேன்: "நீங்கள் செய்தவரைக்கும் சரியாக இருந்தது. பையன் கை வைத்ததிலிருந்துதான் இப்படி ஆகிவிட்டது."

பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பிறகு மெல்ல, "அண்ணா, உள்ளாற பல்லு சரியா விழுந்திருக்கான்னு ஒருவாட்டி பாத்துரலாங்களா?" என்று கேட்டான்.

மெக்கானிக் அவன் கன்னத்தில் ஓர் அறை அறைந்தார். "எனக்குப் பல்லு எண்ணச் சொல்லிக் குடுக்கறியாடா?" என்றார். அன்று மாலையே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நான் அதைத் தடுக்கவில்லை. உண்மையைச் சொல்வதானால், எனக்கு ஒரு திருப்தி கூட ஏற்பட்டது. வீங்கின காலுக்கு ஒரு காரணம் கிடைத்தால் வலி கொஞ்சம் குறைகிறது.

இரண்டு மூன்று வாரம் போயிற்று. ஒரு நாள் இரவு மெக்கானிக் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையைத் துடைத்துக்கொண்டு வந்திருந்தாலும் நகக் கண்ணில் எண்ணெய் கறுத்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், வண்டி சரியாப் போச்சு. ஆனா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார்.

பையன் கேட்ட கேள்வி அவரை விடவில்லையாம். அறைந்த கைதான் அதிகம் எரிந்தது போலும். பட்டறையை மூடிய பிறகு தனியாக உட்கார்ந்து சோதித்திருக்கிறார். புல்லட்டில் உருளையின் அடியில், வலது பக்கம், ஒரு சிறிய மூடி இருக்கிறது. அதைத் திறந்தால் வால்வுகளைத் தூக்குகிற இரண்டு தண்டுகளும் தெரியும். இரண்டின் மேலும் விரலை வைத்துக்கொண்டு இயந்திரத்தை மெல்லச் சுழற்றினார். புகை வெளியேறி முடிகிற சமயத்தில், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது, ஒரு கதவு மூடிக்கொண்டிருக்க வேண்டும். மற்றது முன்பே திறக்கத் தொடங்கியிருக்க வேண்டும். இரண்டும் சிறிது நேரம் சேர்ந்தாற்போல் அரைகுறையாகத் திறந்திருக்கும். போகிறவனும் வருகிறவனும் வாசலில் சந்தித்துக்கொள்வது போல. அந்தச் சந்திப்புச் சரியாக நடக்கவில்லை என்று அவர் விரல் சொல்லிற்று. உள்ளிழுக்கும் பக்கத்துத் தண்டு பிந்தி எழுந்தது.

எண்ணெயை வடித்து, டைமிங் மூடியைக் கழற்றிப் பார்த்தார். அடையாளங்கள் பொருந்தவில்லை. ஒரே ஒரு பல் தள்ளி விழுந்திருந்தது. கண்ணை நம்பாமல் நான்கு முறை சுற்றிப் பார்த்தாராம்.

"மூடினது நான்தான் சார். பையன் அன்னிக்கு இல்ல. சந்தை நாளு, கரண்டு வேற போயிருச்சு. சிம்னி வெளக்க வெச்சுட்டு அவசரமா மூடினேன். மறுபடி ஒருவாட்டி சுத்திப் பாத்திருக்கணும். பாக்கல."

பல்லைச் சரியாக வைத்து, மூடி, தண்டுகளின் இடைவெளியைச் சரிபார்த்து, பாயின்ட்டையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டார். முதல் உதையில் வண்டி கிளம்பிவிட்டதாம். என்னிடம் வாங்கிய கூலியை ஒரு காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

நான் பெருந்தன்மையாக அதை வாங்க மறுத்தேன். "மனிதன் என்றால் தவறு வரத்தான் செய்யும். விட்டுத் தள்ளுங்கள்" என்றேன்.

"அது சரிங்க சார். பையன் விசயம்?"

அப்போது நான் சொன்ன யோசனைதான், வாசகர் குற்றம் சாட்டுகிற அந்தக் கதாநாயகனின் யோசனை. "நாளைக்குக் கூப்பிட்டு வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரத்துக்குக் கொஞ்சம் சம்பளத்தைக் கூட்டிக் கொடுங்கள். போன நாட்களுக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். இதையெல்லாம் அவனிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். தொழில் சொல்லிக் கொடுக்கிறவர் நீங்கள். பையனிடம் போய் நான்தான் தப்புச் செய்தேன் என்றால் நாளைக்கு உங்கள் பேச்சை மதிப்பானா?"

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "சம்பளத்தக் கூட்டறது, பாயின்ட்டத் திருப்பற மாதிரிதானுங்களே சார்? உள்ளாற பல்லு அப்படியேதான இருக்கும்?"

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்காத ஒருவர், நான் ஒரு நாவல் முழுவதும் கட்டிய நியாயத்தை ஒரே வாக்கியத்தில் பிரித்துப் போட்டுவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். பிளேட்டோ எழுதிய 'குடியரசு' என்ற நூலில் ஒரு மோதிரத்தின் கதை வருகிறது. கைஜஸ் என்ற இடையனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. அதன் கல்லை உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பினால் அவன் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். அப்படிப்பட்ட மோதிரம் கிடைத்தால் எவன்தான் நேர்மையாக இருப்பான் என்பது அங்கே எழுப்பப்படும் கேள்வி. நாம் மோதிரத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. டைமிங் மூடி ஒன்று போதும். மூடியை மாட்டி நான்கு திருகாணிகளை முறுக்கிவிட்டால், உள்ளே நடந்தது என்றைக்கும் வெளியே தெரியாது. வண்டிக்காரன் சந்தோஷமாக ஓட்டுவான். பையன் வேலை கிடைத்ததே என்று நன்றியோடு வருவான். யாருக்கும் நஷ்டம் இல்லை. நஷ்டமே இல்லாத இடத்தில் உண்மைக்கு என்ன வேலை?

ஆனால் நஷ்டம் இருந்தது. அதை நான் மறுநாள்தான் பார்த்தேன்.

மறுநாள் சந்தை. மெக்கானிக் என்னையும் கூப்பிட்டார். கூப்பிட்டார் என்பது கூடச் சரியல்ல. "நீங்களும் பையனச் சொன்னீங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். வராமல் இருந்திருக்கலாம். வெட்கம் பின்னுக்கு இழுத்தது. அதைவிடப் பெரிய வெட்கம் முன்னுக்குத் தள்ளிற்று. போனேன்.

பையன் தாயாருக்குப் பக்கத்தில் நின்று தேங்காய் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் மூட்டையை இறக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். மெக்கானிக் வாயைத் திறப்பதற்கு முன் அவனே பேசினான்.

"அண்ணா, நானும் யோசிச்சுப் பாத்தேன். பாயின்ட்டு வெக்கறப்ப என் கை நடுங்கியிருக்கும் போல. எனக்கு இந்தத் தொழிலு ஆவாதுங்கணா. மூட்டையே தூக்கிக்கறேன்."

அதுதான் நஷ்டம். வேலை போனது ஒரு நஷ்டம். அதைப் பணத்தால் ஈடு செய்துவிடலாம். ஆனால் அந்தப் பையன் தன் கையையே சந்தேகிக்கத் தொடங்கிவிட்டான். நாங்கள் இரண்டு பெரியவர்கள் சேர்ந்து சொன்னது பொய்யாக இருக்காது என்று நம்பி, நடக்காத தவற்றுக்குத் தனக்குள்ளேயே ஒரு காரணமும் கண்டுபிடித்துவிட்டான். சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 'தவறு செய்தும் மன்னித்து ஏற்றுக்கொண்டார்கள்' என்று நினைத்திருப்பான். ஆயுள் முழுவதும் நன்றி பாராட்டியிருப்பான். அந்த நன்றியை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வதைவிடப் பெரிய திருட்டு இருக்க முடியுமா?

சொல்லாமல் செய்கிற பிராயச்சித்தத்தின் குறை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உண்மை நம்முடைய சொத்தாக இருக்கிற வரையில், அதைச் சொல்வதும் சொல்லாததும் நம் இஷ்டம். என் பழைய ஆசைகள், என் பயங்கள், என் மனத்துக்குள்ளேயே தோன்றி மறைந்த கெட்ட எண்ணங்கள் இவற்றையெல்லாம் ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அப்படிச் சொல்வது பல சமயம் நம் பாரத்தை மற்றவர் தலையில் ஏற்றுவதுதான். ஆனால் நம் தவற்றை இன்னொருவன் சுமந்துகொண்டிருந்தால், அந்த உண்மை நம்முடையது அல்ல, அவனுடையது. அதைத் திருப்பிக் கொடுப்பது தருமம் கூட அல்ல. கடனை அடைப்பதுதான். கடன்காரன் கடனைக் கொடுக்காமல் வெகுமதி கொடுத்தால் அதை என்னவென்று சொல்வது?

உலகத்தில் பெரிய மனிதர்களுக்கும் இந்தச் சோதனை வந்திருக்கிறது. நியூயார்க்கில் 59 மாடிகள் கொண்ட சிட்டிகார்ப் கட்டடம் 1977-ல் எழுந்தது. அதன் உறுதிக்குப் பொறுப்பான பொறியியல் வல்லுநர் வில்லியம் லெமெஷூரியர். மறு ஆண்டு, ஒரு மாணவர் தரப்பிலிருந்து வந்த கேள்வியை ஒட்டி அவர் கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தார். மூலைவாட்டில் அடிக்கும் பெருங்காற்றைக் கட்டடத்தின் இணைப்புகள் தாங்குவது சந்தேகம் என்று தெரிந்தது. பற்றவைத்திருக்க வேண்டிய இணைப்புகளைத் திருகாணி போட்டு இணைத்திருந்தார்கள். அவர் மூடி மறைக்கவில்லை. கட்டடத்தின் சொந்தக்காரர்களிடம் போய்ச் சொன்னார். இரவு இரவாகப் பற்றவைப்பு வேலை நடந்து கட்டடம் பலமாயிற்று. தன் பெயர் கெடும் என்று தெரிந்தே சொன்ன அவரை இன்றும் பாராட்டுகிறார்கள். நானும் பாராட்டுகிறேன். ஆனால் அந்தக் கட்டடத்தின் நிழலில் குடியிருந்த சாதாரண ஜனங்களுக்கு இந்த விஷயம் 1995-ல்தான் தெரியவந்தது. பீதி கிளம்பும் என்று காரணம் சொல்லலாம். அந்தக் காரணத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். என்றாலும், விழுந்தால் அவர்கள் தலையில்தானே விழுந்திருக்கும்? அந்த உண்மையில் அவர்களுக்கும் பங்கு இருந்தது அல்லவா? சொந்தக்காரரிடம் சொல்வதற்குத் துணிவு வேண்டும். பலமில்லாதவனிடம் சொல்வதற்கு வேண்டியது வேறொன்று. நம் காரிமங்கலத்து மெக்கானிக்கிடம் அது இருந்தது. வண்டிக்காரனான என்னிடம் சொன்னதோடு அவர் நின்றுவிடவில்லை. தன்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாத பையனிடமும் வந்து நின்றார்.

"உன் கை நடுங்கலடா" என்றார் சந்தைக்கு நடுவில். "நான் மூடினப்பதான் பல்லு தள்ளி விழுந்துருச்சு. நீ கேட்டது சரி. அடிச்சது என் தப்பு."

சுற்றிலும் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாயார் தேங்காய் உரிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

அடுத்தது என் முறை. கதாபாத்திரங்களின் வாயில் எத்தனையோ மன்னிப்புகளை எழுதி வைத்தவன் நான். எனக்கென்று ஒரு வாக்கியம் அகப்படவில்லை. "தம்பி, நானும் விசாரிக்காமல் சொல்லிவிட்டேன்" என்று முணுமுணுத்தேன். 'தவறாக' என்ற வார்த்தையை விட்டுவிட்டேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அவ்வளவு கஷ்டமாக இருந்தது அது. அந்த மெக்கானிக் அதை எவ்வளவு நேராகச் சொன்னார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

அவருடைய மரியாதை போய்விடும் என்று நான் பயந்தேனே, அது என்ன ஆயிற்று? பையன் அழவில்லை, கோபப்படவும் இல்லை. ஒரு நிமிஷம் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டான். பிறகு அவன் கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பக்கங்கணா? இன்லெட்டா? முந்தியா, பிந்தியா?" என்பதுதான். "பிந்தி" என்றார் அவர். "அதான் தும்மிச்சு" என்றான் அவன். தாயாரைப் பார்த்தான். அவள் போ என்று தலையை அசைத்தாள். இருவரும் வண்டிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே பட்டறைப் பக்கம் நடந்தார்கள். நான் சற்றுப் பின்னால், இன்னும் முழுவதும் ஆறாத காலோடு நடந்தேன்.

அதற்குப் பிறகு அந்தப் பட்டறையில் ஒரு புதிய வழக்கம் வந்தது. எந்த இயந்திரத்தை மூடினாலும், மூடியைப் போடுவதற்கு முன் ஒருவர் பார்த்த அடையாளத்தை மற்றவரும் பார்க்க வேண்டும். பெரியவர் பூட்டினால் சின்னவன் பார்ப்பான். சின்னவன் பூட்டினால் பெரியவர் பார்ப்பார். "பல்லு பாத்தியா?" "பாத்துட்டேங்கணா." இதைக் கேட்ட பிறகுதான் திருகாணி ஏறும். அவருடைய மரியாதைக்கு அதனால் ஒரு குறைவும் நேர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை. அதற்கு முன் அவன் அவருக்குப் பயந்தான். அதற்குப் பின் அவரை நம்பினான். 'நீ சரியாகச் செய்திருக்கிறாய்' என்று அவர் சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு ஏற்பட்டது. தன்னுடையது தவறு என்றால் அதையும் சொல்லக்கூடியவர் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது அல்லவா?

எனக்கு முகம் தெரியாத வேறொரு மனிதரையும் நான் சில சமயம் நினைத்துக்கொள்வதுண்டு. திருவொற்றியூரில் என்றோ ஒரு நாள் ஒரு தொழிலாளி அந்தப் பல்சக்கரத்தை எடுத்து, சரியான பல்லின்மேல் அடையாளத்தைக் குத்தினார். அது மூடிக்குள் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். அதை என்றாவது திறக்கப் போகிறவனை அவர் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் சரியாகக் குத்தி வைத்தார். எத்தனையோ ஆண்டு கழித்து, காரிமங்கலத்தில் ஓர் இரவில், தன் ஞாபகத்தைவிட அந்தப் புள்ளியை நம்பி ஒருவர் தம் தவற்றைக் கண்டுபிடித்தார்.

கடிதம் எழுதிய வாசகருக்கு நான் சொல்லும் பதில் இதுதான். என் கதாநாயகன் செய்தது போதாது. அவன் பணம் கொடுத்தான், கல்யாணம் செய்து வைத்தான், எல்லாம் செய்தான். வெளியே கைக்கு எட்டுகிற திருகுகளை எல்லாம் திருப்பினான். மூடியை மட்டும் கழற்றவில்லை. தீங்குக்கு ஆளானவன், தன் தலையெழுத்துத்தான் காரணம் என்று எண்ணிக்கொண்டே செத்துப் போகிறான். அந்தப் பக்கத்தை எழுதியபோது எனக்கு அது உருக்கமாக இருந்தது. இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த பதிப்பில் அதை மாற்றி எழுதிவிடலாமே என்று நீங்கள் சொல்லலாம். மாற்றப் போவதில்லை. பழைய புத்தகத்தை யாருக்கும் தெரியாமல் திருத்தி வைப்பதும் பாயின்ட்டைத் திருப்புகிற வேலைதான். நாவல் அப்படியே இருக்கட்டும். அது பிசகு என்பதை அதை எழுதியவனே ஒப்புக்கொண்டான் என்பதற்கு இந்தக் கட்டுரையும் அதன் பக்கத்தில் இருக்கட்டும்.